உம்மாவின் ஆறில் ஒரு பங்கு

தம்மாமிலோ துபாயிலோ வேலை பார்த்த ஒருவர் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடனையும் அடக்கச் செலவையும் கழித்துவிட்டால் 24 லட்ச ரூபாய் மிஞ்சுகிறது. ஊரில் மனைவி, ஒரு மகன், ஒரு மகள், வயதான உம்மா. வாப்பா முன்பே காலமாகிவிட்டார். இஸ்லாமிய வாரிசுரிமையில் இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் ஆகாது. மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 3 லட்சம். உம்மாவுக்கு ஆறில் ஒன்று, 4 லட்சம். மீதி 17 லட்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. பிள்ளையில்லாமல், உடன்பிறந்தாரும் இல்லாமல் இறந்திருந்தால் உம்மாவின் பங்கு மூன்றில் ஒன்றாக உயரும். யாரும் மனமிரங்கிக் கொடுப்பதல்ல இது. குர்ஆனின் நான்காம் அத்தியாயம் அளவு போட்டு நிர்ணயித்த உரிமை.

அந்த 4 லட்சத்தை எண்ணிக் கையில் வாங்கிய உம்மாக்கள் காயல்பட்டினத்திலிருந்து குலசேகரன்பட்டினம், உடன்குடி வரை எத்தனை பேர் இருப்பார்கள்? அந்தந்த ஊர்க்காரர்கள் விரல்விட்டு எண்ணிப் பார்க்கட்டும்.

நான் எழுதுவது தூத்துக்குடி மாவட்டத்துப் பெரியதாழையிலிருந்து. எங்கள் ஊர் கத்தோலிக்க மீனவர் ஊர். முஸ்லிம் வீட்டு உம்மாவுக்காக நீ ஏன் பேசுகிறாய் என்று கேட்பவர்களுக்குப் பதில் உண்டு. கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை என்றால், அவனுக்கு மனைவியும் பிள்ளைகளும் இருக்கும்பட்சத்தில், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அவன் சொத்தில் எங்கள் ஊர்த் தாய்க்கு ஒரு காசும் தருவதில்லை. மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு, அதோடு கணக்கு முடிந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தாயை முதல் வகுப்பு வாரிசாக வைத்திருக்கிறது. இஸ்லாமோ பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே அவளுக்குப் பங்கு எழுதிவிட்டது. எங்கள் தாய்மாருக்குச் சட்டத்திலேயே இல்லாத ஒன்று பக்கத்து ஊர் உம்மாக்களுக்கு வேதத்திலேயே இருக்கிறது. இருந்தும் அது அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை என்பதைப் பார்க்கும்போது மனம் ஆறவில்லை.

பங்கு எங்கே காணாமல் போகிறது? பெரும்பாலும் யாரும் திட்டமிட்டுத் திருடுவதில்லை. தாலுகா அலுவலகத்தில் வாங்கும் வாரிசுச் சான்றிதழில் உம்மாவின் பெயர் ஒழுங்காகவே இருக்கும். வளைகுடாவில் இறந்தவரின் பணிக்கொடையையும் நிலுவைச் சம்பளத்தையும் பெற வாரிசுகள் எல்லாரும் ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அங்கேதான் உம்மாவிடம் கைநாட்டு வாங்குவார்கள். எந்தத் தாள், எவ்வளவு தொகை, யார் கணக்கில் வரும் என்று அவளுக்கு யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. “ஒங்களுக்கு எதுக்கும்மா பணம்? நாங்க பாத்துக்கிட மாட்டோமா?” என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். மகனைப் பறிகொடுத்த வீட்டில் எந்தத் தாய் “என் பங்கு எங்கே?” என்று கேட்பாள்? கேட்டால் அவளைப் பற்றி ஊர் என்ன பேசும்?

வங்கிக் கணக்கில் நாமினியாக இருப்பவருக்கே பணம் முழுவதும் சொந்தம் என்ற நம்பிக்கையும் இதில் சேர்ந்துகொள்கிறது. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் அதிகாரம் பெற்றவர், அவ்வளவே. அது வாரிசுகள் எல்லாருக்கும் உரிய பணம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மருமகளிடமிருந்து பிடுங்கி மாமியாரிடம் கொடுக்கச் சொல்லவில்லை. விதவையான மருமகளின் எட்டில் ஒரு பங்கும் அநேக வீடுகளில் இதே பாணியில்தான் மறைகிறது. கைநாட்டு வைக்கிற இரண்டு பெண்களும் கணக்குத் தெரியாமலேயே வைக்கிறார்கள்.

மார்க்கத்தில் தாயின் இடம் என்ன என்று நான் சொல்லி முஸ்லிம்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. யாரிடம் நான் அதிகம் நன்றாக நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டவருக்கு நபிகள் நாயகம் மூன்று முறை தாயைச் சொல்லி, நான்காவதாகத்தான் தந்தையைச் சொன்ன செய்தி ஜும்மா பயான்களில் திரும்பத் திரும்ப வருவது. ஆனால் அந்த பயான்கள் குறைவாகவே தொடும் சில செய்திகளும் உண்டு. போருக்குப் புறப்பட அனுமதி கேட்டு வந்த ஜாஹிமா என்ற தோழரை, தாய் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டு, அவளிடமே போய் இருக்கும்படி நபிகள் திருப்பி அனுப்பினார்கள். சொர்க்கம் தாயின் காலடியில் என்று உலகமே சொல்லும் பேச்சு அந்தச் சந்தர்ப்பத்தில் பிறந்ததுதான். கடமைகளில் பெரியதாக அன்று கருதப்பட்ட ஒன்றை நாடிப் போனவரைத் தாயிடம் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்றால், தாயைப் பார்த்துக்கொள்வது எத்தனை பெரிய வேலையாக எண்ணப்பட்டிருக்க வேண்டும்! யமன் நாட்டு உவைஸுல் கர்னி நபிகளின் காலத்தில் வாழ்ந்தும் அவர்களை நேரில் காணாமலே போனதற்குத் தாயைவிட்டு நகர முடியாததுதான் காரணம் என்பார்கள் ஆலிம்கள். வேலைக்காகக் கடல் கடக்கிற தலைமுறை அந்த உவைஸை இன்னும் கொஞ்சம் நெருக்கமாக நினைத்துப் பார்க்கலாம்.

அபூபக்ரின் மகள் அஸ்மா கேட்ட கேள்வி எனக்கு இன்னும் பிடித்தது. அவருடைய தாய் அப்போது இஸ்லாத்தை ஏற்காதவர். மகளைத் தேடி வந்திருக்கிறார். அவரிடம் உறவு பாராட்டலாமா என்று கேட்டார் அஸ்மா. பாராட்டு என்றே பதில் வந்தது. தாயின் உரிமை மதத்தின் எல்லையில் நின்றுவிடவில்லை. பெரியதாழைக்காரன் இதில் வாய் திறக்க அந்த ஒரு பதில் போதும்.

அன்பு காட்டு என்று உபதேசித்ததோடு மார்க்கச் சட்டம் நின்றுவிடவும் இல்லை. வசதியுள்ள பிள்ளைகள் ஏழைப் பெற்றோருக்கு ஜீவனாம்சம் கொடுத்தாக வேண்டும். மகனே சிரமத்தில் இருந்தாலும் இல்லாமையில் இருக்கும் தாயைத் தாங்கும் பொறுப்பு அவனுக்கு உண்டு. இந்திய நீதிமன்றங்கள் முஸ்லிம் சட்டமாக ஏற்று நடத்திவரும் விதிகள் இவை.

காயல்பட்டினத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வீடு பெண்ணுக்கு. கல்யாணமான ஆண் மனைவி வீட்டுக்குப் போய்விடுவார். ஊரின் முடுக்குகளும், பெண்கள் கூடித் தொழும் தைக்காக்களும், தாயும் மகளும் பேத்தியும் ஒரே கூரையின் கீழ் இருப்பதும் இந்த வழக்கத்தோடு சேர்ந்து வளர்ந்தவை. பெண்மக்களைப் பெற்ற உம்மாவுக்கு இது பெரிய பாதுகாப்பு. மாமியார் வீட்டில் மருமகள் ஒடுங்கி வாழ வேண்டிய நிலை அங்கே இல்லை. நாட்டின் மற்ற ஊர்கள் பார்த்துக் கற்க வேண்டிய ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் ஆண்மக்களை மட்டுமே பெற்ற உம்மா என்ன ஆவார்? மூன்று மகன்கள், மூவருக்கும் மூன்று மாமியார் வீடுகள். மகன் ஊரில் இருந்தால் காலையில் வந்து உம்மாவைப் பார்த்துவிட்டுப் போவான். சென்னைக்கோ கொழும்புக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்டால் அந்தக் காலை வருகையும் இல்லை. மருமகள் தன் உம்மாவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது அவள் குற்றமும் அல்ல. இந்த உம்மாவுக்கு மாதச் செலவு வரும், கைப்பேசியில் முகம் தெரியும், ஆனால் ராத்திரி குளியலறையில் வழுக்கி விழுந்தால் தூக்கிவிட ஆள் இல்லை. வீட்டை மகளுக்குக் கொடுத்து, மகள் முந்தி மறைந்து, மருமகனோடு ஒரே வீட்டில் இருக்க நேர்ந்த உம்மாவின் நிலையும் சிக்கல்தான். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் பிள்ளைகள் என்றால் மகன், மகள், பேரன், பேத்தி மட்டும். மருமகனையும் மருமகளையும் சேர்க்கவும், ஜீவனாம்சத்துக்கு மாதம் 10,000 ரூபாய் என்ற உச்சவரம்பை நீக்கவும் 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது. அது நிறைவேறாமலே காலாவதியாகிவிட்டது. அதை மீண்டும் கொண்டுவரக் கேட்டு இந்தக் கடற்கரையிலிருந்து ஒரு குரலாவது டெல்லிக்குப் போக வேண்டாமா?

வீடு கொடுக்கும் முறையில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. முஸ்லிம் சட்டத்தில் ஹிபா என்னும் தானத்தை வாய்ச்சொல்லாலேயே செய்யலாம். கொடுத்தேன் என்று சொல்லி, வாங்கிக்கொண்டேன் என்று ஏற்று, அனுபவத்தில் ஒப்படைத்துவிட்டால் தானம் செல்லும். பத்திரம் கட்டாயமில்லை. நல்ல மனதோடு கொடுக்கும் உம்மாக்களுக்கு இது எளிது. பின்னால் பிள்ளை முகம் திருப்பும்போதுதான் இது வினையாகிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற வழி செய்கிறது. வாய்ச்சொல்லில் அந்த நிபந்தனையை எங்கே தேடுவது? நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இந்தச் சட்டத்தை முதியோருக்கு அனுகூலமாக விரித்துப் பொருள்கொள்ள வேண்டும், சொத்தை மீட்டு ஒப்படைக்கவும் தீர்ப்பாயத்தால் உத்தரவிட முடியும் என்றது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினத்துத் தாய் ஒருவரின் வழக்கில், நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதாவிட்டாலும் அன்பும் பாசமும் கொண்டு கொடுத்ததிலேயே அது உள்ளடங்கியிருக்கிறது என்று ஒரு படி மேலே போனது.

நீதிமன்றம் எப்படிச் சொல்லும் என்று காத்திருப்பதைவிட ஒரு வரி எழுதிவைப்பது மேல். வீட்டை மகளுக்கோ மகனுக்கோ எழுதுகிற ஒவ்வொரு உம்மாவும், சாகும்வரை இந்த வீட்டில் எனக்கு இருப்பிடமும் சாப்பாடும் மருத்துவமும் தர வேண்டும், தவறினால் இது செல்லாது என்று பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மார்க்கத்துக்கு இது விரோதம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கொடுத்த தானத்தைத் திரும்பக் கேட்பதைக் கடுமையாக வெறுத்த நபிமொழியே, பெற்றோர் பிள்ளைக்குக் கொடுத்ததை மட்டும் விலக்கி வைத்திருக்கிறது. இந்தக் கடற்கரை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபு அதையே சட்டமாக வைத்திருக்கிறது.

இனி அரசாங்கத்தின் பக்கம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் தமிழ்நாடு 2009-இல் விதிகள் வகுத்தது. கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம், அதற்கு மேல் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு. மனு பற்றிய அறிவிப்பு எதிர்தரப்புக்குச் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும். தவிர்க்க முடியாத நிலையில் இன்னும் 30 நாள். அதற்கிடையில் இடைக்காலத் தொகைக்கும் உத்தரவிடலாம். வழக்கறிஞர் வைத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. உம்மாவால் முடியாவிட்டால் அவள் அனுமதித்த வேறொருவரோ ஓர் அமைப்போ மனு கொடுக்கலாம். யாரும் மனு கொடுக்காமலே, தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. 10,000 ரூபாய் போதாது என்பவர்கள் குற்றவியல் நடுவரிடம் போகலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆவது பிரிவில் உச்சவரம்பு இல்லை. இரண்டில் ஏதாவது ஒரு வழியைத்தான் தேர்ந்துகொள்ள முடியும்.

ஏட்டில் இத்தனை இருந்தும் உம்மா ஏன் போவதில்லை? முதல் காரணம் வெட்கம். பெற்ற பிள்ளை மேல் பிராது கொடுப்பதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்று நினைக்கிற தலைமுறை அது. அடுத்தது தொலைவு. பெரியதாழை சாத்தான்குளம் தாலுகாவில் இருக்கிறது, கோட்டாட்சியர் இருப்பதோ திருச்செந்தூரில். மணப்பாடும் குலசேகரன்பட்டினமும் தாண்டிப் போக வேண்டும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மை. முழங்கால் தேய்ந்த கிழவிக்குப் பேருந்தின் படிதான் பெரிய தடை. போன அன்றைக்கு அதிகாரி கூட்டத்தில் இருப்பார், வாய்தா போடுவார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அழைப்பாணை மத்திய அரசு குறிப்பிடும் அதிகாரிகள் வழியாகப் போக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த வழியை உம்மாவுக்கு யார் விளக்கிச் சொல்வது? மகன் சவூதியில் இருக்கிறான் என்ற ஒரே காரணத்தால், அவன் பணம் அனுப்பாவிட்டாலும், 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியத்துக்கு அவள் ஆதரவற்றவள் என்று எழுத அதிகாரியின் கை தயங்கும். மகன் இருக்கிறான் என்பதால் அரசு தராது, அரசில் கேட்டால் மகனுக்கு அவமானம் என்பதால் அவளும் கேட்க மாட்டாள். நடுவில் வயிறு காய்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மின்சாரம் இல்லை, கைப்பேசி இல்லை, சாலைகள் அறுந்துபோயின. வளைகுடாவில் இருந்த பிள்ளைகள் உம்மாவுக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்தார்கள். தெருப் பிள்ளைகள்தான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, எந்த வீட்டில் எந்தப் பெரியம்மா தனியாக இருக்கிறார் என்று நினைவிலிருந்தே தேடிப் போனார்கள். அந்த நினைவு ஒரு பதிவேடாக இருந்திருக்க வேண்டும். தனியாக வாழும் முதியோர் பட்டியல் வார்டு வாரியாக நகராட்சியிலும் ஊராட்சிகளிலும் இருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே போகும் ஊழியர்களும், தாயுமானவர் திட்டத்தில் 2025 ஆகஸ்ட் முதல் வீட்டு வாசலில் ரேஷன் கொடுப்பவர்களும் அந்தக் கதவுகளைத் தட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? அவர்கள் கையில் இருக்கும் பெயர்களை ஒன்றுசேர்த்தாலே பாதிப் பட்டியல் தயார்.

நம் மக்கள் வேலைக்கும் வியாபாரத்துக்கும் போய் வாழ்கிற நாடுகள் இதில் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூர் 1995-லேயே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் போட்டுத் தனித் தீர்ப்பாயம் அமைத்தது. இலங்கை 2000-இல் முதியோர் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. நம் நாட்டிலேயே அசாம் 2017-இல், பெற்றோரைக் கைவிடும் அரசு ஊழியரின் சம்பளத்தில் பிடித்து நேரே பெற்றோருக்குக் கொடுக்கச் சட்டம் செய்தது.

ஜமாஅத்துகளிடம் நான் கேட்பது இது. ஜனாஸா தொழுகைக்கு முன், இறந்தவரின் கடன் இருந்தால் வாரிசுகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அறிவிக்கும் நல்ல வழக்கம் உங்களிடம் இருக்கிறது. கடன்காரனுக்கு வாய்த்த அந்த அறிவிப்பு உம்மாவுக்கும் வாய்க்கட்டும். அடக்கம் முடிந்த சில வாரங்களுக்குள் ஜமாஅத் அலுவலகத்தில் பாகப் பிரிவினைத் தாள் ஒன்று தயாராக வேண்டும். யாருக்கு எத்தனையில் எத்தனை, ரூபாயில் எவ்வளவு என்று ஆலிம் ஒருவர் உம்மாவுக்கும் விதவைக்கும் எதிரில் வாசித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகே பவர் பத்திரத்தில் கைநாட்டு. பங்கைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுக்கட்டும், தொகை தெரிந்து கொடுக்கட்டும். பெண்களிடம் பேசப் பெண்களே வேண்டும். தைக்காக்களில் ஓதிக்கொடுக்கும் ஆலிமாக்கள் இதற்கு எல்லாரையும்விடப் பொருத்தமானவர்கள்.

மாவட்ட ஆட்சியரிடம் கேட்பது வேறு. தீர்ப்பாயம் மாதம் ஒரு நாள் காயல்பட்டினத்திலும், ஒரு நாள் உடன்குடி, குலசேகரன்பட்டினம் வட்டாரத்திலும், ஒரு நாள் பெரியதாழையிலும் வந்து உட்காரட்டும். சமரச அலுவலர்களாகப் பொருத்தமானவர்களைத் தீர்ப்பாயமே நியமித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஜமாஅத்திலிருந்தும் தேவாலயப் பங்குப் பேரவையிலிருந்தும் பெண்கள் உட்பட நம்பிக்கையானவர்களை நியமிக்கட்டும். வழக்கு என்ற பெயரே இல்லாமல் பாதிப் பிரச்சினை அவர்களிடம் தீர்ந்துவிடும், உம்மாவின் வெட்கமும் காப்பாற்றப்படும். தனியாகக் கிடக்கும் தாய் பற்றிச் செவிலியரோ ரேஷன் ஊழியரோ சொன்னால், தானாக முன்வந்து எடுக்கும் அதிகாரத்தைத் தீர்ப்பாயம் பயன்படுத்தட்டும். வெளிநாட்டுப் பிள்ளைக்கு அழைப்பாணை அனுப்பும் வேலையை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் ஒருவர் பொறுப்பேற்று நடத்தட்டும். ஓய்வூதிய மனுவில் மகன் இருக்கிறானா என்று கேட்பதோடு நிறுத்தாமல், பணம் அனுப்புகிறானா என்று வங்கிப் புத்தகத்தைப் பார்த்து எழுதட்டும்.

கடலரிப்புக்குத் தூண்டில் வளைவு கேட்டு மனுமேல் மனு எழுதிப் பழகிய ஊர் எங்களுடையது. இந்த மனுவையும் நாங்களே எழுதத் தயார். காயலும் குலசையும் உடன்குடியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள் நடக்கிறது. அதுவரை பொறுக்க முடியாத உம்மாவுக்கு அருகில் யாராவது இருந்தால், 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கு இன்றே பேசிக் கொடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.